டிகிரி ஏறுது

அதுல உக்காராதிய தம்பி, அதுக்குக் கால் ஆடும். நேத்து ஒரு அம்மா அதுல இருந்து அப்படியே சரிஞ்சுட்டாவ. இங்கன வாங்க, என் பக்கத்துல. ஃபேன் காத்தும் இங்கதான் வரும். இந்த ஹால்ல எது நல்ல நாற்காலி, எந்தக் குழாய்ல தண்ணி வரும், எந்த வாச்மேன் மனுசன் மாதிரி பேசுவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. என்ன செய்ய, வந்து அவ்வளவு நாளாச்சு.

உங்களுக்கு யாரு உள்ள? அம்மாவா? ஆபரேஷன் நேத்தே முடிஞ்சுட்டா? வால்வா. சரி சரி. பயப்படாதிய. ஆபரேஷன் எல்லாம் இங்க நல்லாத்தான் பண்ணுதாவ, அதுல நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம்தான் தம்பி விசயமே இருக்கு. எந்தக் கட்டில்? ஆறா? அப்ப நமக்கு அடுத்த கட்டில்தான். அஞ்சு எங்க வீட்டுக்காரி. முத்துக்கனி.

நான் தூத்துக்குடிப் பக்கம். உப்பளத்துல கங்காணி. சுயம்புலிங்கம்னு பேரு, ஆனா சுயம்பு கங்காணின்னு கேட்டாத்தான் அங்க வழி சொல்லுவாவ. நீங்க என்ன வேலை பாக்கிய? மருந்துக் கடையா? அட, அப்ப நான் சொல்லுதது உங்களுக்கு நல்லாப் புரியும். இங்க யார்கிட்டச் சொன்னாலும் தலைய ஆட்டிட்டு எந்திரிச்சுப் போயிருதாவ.

அவளுக்கு நெஞ்சுல மூணு அடைப்பு. தூத்துக்குடியில பாத்துட்டு, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாவ. இங்க வந்தோம். காலையில உள்ள கொண்டு போனாவ, இருட்டுற நேரத்துக்குப் பெரிய டாக்டர் வெளிய வந்தாரு. "ஹார்ட்டு பிரமாதமா ஓடுது, கவலைப்படாதீங்க"ன்னாரு. நான் அவரு கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன் தம்பி. அவரு கூச்சப்பட்டுக் கைய உருவிக்கிட்டாரு. நான் அம்மனுக்குச் சேலை நேந்துக்கிட்டு, அன்னைக்குத்தான் ஒழுங்கா ஒரு தோசை தின்னேன்.

மறுநாள் விடிஞ்சதும் சின்ன டாக்டரம்மா வந்தாவ. நல்ல பிள்ள, எம்மவ வயசுதான் இருக்கும். "ஹார்ட்டுக்குப் பிரச்சனை இல்ல ஐயா. ஆனா ரத்தத்துல கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கு"ன்னாவ. அது என்னம்மான்னேன். ஆபரேஷன் நேரம் நெஞ்ச நிப்பாட்டி மெஷின்ல ரத்தத்த ஓட விட்டாவளாம். அந்நேரம் கிட்னிக்குப் போற ரத்தம் கொஞ்சம் கொறஞ்சிருக்கும், அதுல கிட்னி அடி வாங்கியிருக்கும்னாவ. அடி வாங்குன கிட்னி கழிவ வெளிய தள்ளாது. அது ரத்தத்துலயே தங்கும். எவ்வளவு தங்கியிருக்குன்னு அந்த நம்பர் காட்டுமாம்.

"எவ்வளவு இருக்கணும்?"

"ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும் ஐயா."

"இப்ப?"

"ஒண்ணு புள்ளி எட்டு."

அதுக்கடுத்து லிவருக்கு ஒரு நம்பர் சொன்னாவ, அதுவும் ஏத்தம். அவ கண்ணு மஞ்சளாக் கிடந்துச்சு, அது அதனாலதானாம். நெஞ்சு தசைக்குன்னு இன்னொரு நம்பர். அது மட்டும் இறங்குதுன்னாவ. உடம்புல ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நம்பர் வச்சிருக்காவ தம்பி. ரத்தம் ஒரு சொட்டு எடுத்தாப் போதும், உள்ள என்னென்ன கெட்டுப்போச்சுன்னு சொல்லிருதாவ. சொல்லத்தான் செய்யுதாவ. அத விட்டா ஒண்ணும் செய்யக் காணோம். எனக்கு ஆத்திரமே அதுதான்.

மத்தவங்க நம்பரக் கேட்டுப் பயப்படுவாவ. எனக்கு நம்பர்னா சோறு மாதிரி. உப்பளத்துல கண்ணாடிக் குழாய் ஒண்ணு உண்டு, பாத்தியளா? தண்ணிக்குள்ள விட்டா மிதக்கும், பக்கத்துல கோடு போட்டிருக்கும். டிகிரி பாக்குறதுன்னு சொல்லுவோம். கடல் தண்ணி மூணு. வெயில்ல காய வச்சுக் காய வச்சு இருபத்தஞ்சு வந்தா உப்பு விழும். அதுக்கு மேல ஏறிக்கிட்டே போயி முப்பதத் தொட்டுச்சு, போச்சு. கசப்பு இறங்கிரும். அந்த உப்ப நாய் கூட நக்காது. அதனால கங்காணின்னு ஒருத்தன் வரப்புல நிக்கணும். டிகிரி ஏறுதுன்னு கண்டா மடையத் திறந்து புதுத் தண்ணி விடணும். அவ்வளவுதான் வேலை. ஏறுனாத் தண்ணி விடு. ஏறுனாத் தண்ணி விடு. மீசை முளைச்ச நாள்ல இருந்து இதத்தான் செய்யுதேன். என் பாத்தி கசந்துச்சுன்னு ஒரு முதலாளி சொன்னது கிடையாது.

இப்ப நீங்களே சொல்லுங்க. ரத்தம்னா என்ன? உப்புத் தண்ணிதான? வேர்வையா வருது, நக்கிப் பாத்தாக் கரிக்குது. அதுல கழிவு கூடிக்கிட்டே போகுது, டிகிரி ஏறுது. என்ன செய்யணும்?

அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? தண்ணிய நிப்பாட்டிட்டாவ!

ஆமா தம்பி. மூத்திரம் சரியா வரல, அதனால தண்ணி குடுக்கக் கூடாதுன்னுட்டாவ. ஒரு நாளைக்கு மருந்தோட சேத்து இவ்வளவுதான்னு அளந்து வச்சிருக்காவ. எனக்குத் தலை சுத்திருச்சு. மடைய அடைச்சு வச்சுக்கிட்டு டிகிரி ஏறுது ஏறுதுன்னா? காலையில வந்து "ரெண்டு புள்ளி ஆறு"ங்காவ. மறுநாள் "மூணு புள்ளி அஞ்சு"ங்காவ. அடுத்து என்னன்னு கேட்டா, "பாப்போம் ஐயா." எப்பக் கேட்டாலும் பாப்போம். நான் வரப்புல நின்னுக்கிட்டுப் பாப்போம்னு சொல்லியிருந்தா, முதலாளி என்னையத் தூக்கி அந்தப் பாத்தியிலேயே போட்டிருப்பாரு.

சின்ன டாக்டரம்மாகிட்ட வாய்விட்டே சொன்னேன். "தண்ணி கொஞ்சம் குடுத்துப் பாருங்களேம்மா, நம்பர் இறங்கும்." அவிய பொறுமையாத்தான் சொன்னாவ. "குடுக்குற தண்ணி வெளிய போகணும் இல்லையா ஐயா? போகலன்னா உடம்புலயே தேங்கும்." தேங்குனா என்ன, நல்லதுதானன்னு நினைச்சேன். படிச்ச பிள்ள கூட எதுக்கு வாதாடணும்னு வந்துட்டேன்.

சாயந்திரம் நாலு மணிக்கு மணி அடிப்பான், தெரியும்லா? வீட்டுக்கு ஒரு ஆளு, கால் மணி நேரம். பச்சை அங்கி, வாய்க்குத் துணி, எல்லாம் மாட்டிக்கிட்டுப் போகணும். மூச்சுக்குன்னு அவ வாயில விட்டிருந்த குழாய எடுத்த அன்னைக்கு நான் உள்ள போனேன். என்னையப் பாத்ததும் கண்ணீர் விடுவா, புள்ள எங்கன்னு கேப்பான்னு போறேன். அவ பெருவிரலத் தூக்கி வாய்கிட்ட வச்சு அசைச்சா. தண்ணி.

உங்களுக்கு அது புரியாது, அளத்துல கிடந்தவங்களுக்குத்தான் புரியும். அவளும் அளத்துக்காரிதான். கல்யாணத்துக்கு முந்தியே என் பாத்தியில உப்புச் சுமந்தவ. தண்ணிக் குடம் கங்காணிகிட்ட, வரப்புல இருக்கும். பொம்பளையாளுக அங்க தூரத்துல, அந்த வெயில்ல, கத்துனாக் கேக்காது. பெருவிரலத் தூக்கிக் காட்டுவாவ. நான் இங்கன இருந்து கைய விரிச்சுக் காட்டுவேன், இப்படி. இருங்க, இந்த வரிசைய முடிச்சுட்டு வாங்கன்னு. நினைச்ச நேரமெல்லாம் தண்ணி குடுத்தா வேலை ஓடுமா? அங்க எல்லாக் கங்காணியும் அப்படித்தான். அவ மட்டும் விடமாட்டா. நான் கைய இறக்குற வரைக்கும் விரலத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நிப்பா. அந்தத் திமிரப் பாத்துத்தான் பொண்ணு கேட்டுப் போனேன்.

அந்த விரலு தம்பி. வீங்கிப்போயி, ஊசி குத்துன கறுப்போட, எந்திரிச்சு வாய்கிட்ட வந்துச்சு. நர்ஸ் பிள்ள வந்து ஒரு துணிய நனைச்சு உதட்டுல ஒத்தி எடுத்துச்சு. நாகர்கோவில் பக்கத்துப் பிள்ள, கைப்பக்குவமான பிள்ளதான். ஆனா துணிய ஒத்துனாத் தாகம் போகுமா? உதடெல்லாம் வெடிச்சுப் பொருக்குத் தட்டி நிக்குது. அவ என்னையப் பாத்துச் சொல்லுதா, குரலே இல்ல, காத்துதான் வருது: "அன்னைக்கும் இப்படித்தான் நிக்க வச்சிய."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கேலிதான். வெளிய வந்து இந்தத் தூண்கிட்ட நின்னு அழுதேன் தம்பி, சொல்லுததுக்கு என்ன. அத்தன பேரு பாக்க அழுதேன்.

மறுநாள் நம்பர் நாலத் தாண்டிருச்சு. "பாப்போம்"னாவ.

அதுக்கு மேல நான் பாக்கல. கீழ கடையில அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு வாங்குனேன். வேட்டி மடியில சொருகி, மேல அந்தப் பச்சை அங்கிய மாட்டிக்கிட்டேன். உள்ள போனா, ஆறாம் நம்பர்ல ஏதோ மெஷின் கூவுது, நர்ஸெல்லாம் அங்க ஓடுதாவ. உங்கம்மாவுக்கு முந்தி அதுல ஒரு பெரியவரு இருந்தாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல, வார்டுக்கு மாத்திட்டாவ, நீங்க பயப்படாதிய. நான் தலைகாணியக் கொஞ்சம் ஏத்தி, மூடியத் திறந்து, அவ வாயில வச்சேன்.

குடிச்சா தம்பி! கண்ண மூடிக்கிட்டு, தொண்டை ஏறி இறங்க, அப்படிக் குடிச்சா. நடுவுல புரைக்கேறி இருமுனா. நெஞ்சுல தையல் இருக்கே, வலிச்சிருக்கும். போதுமான்னு எடுக்கப் போனேன், என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு விடல. முக்காப் பாட்டில் போச்சு. முடிச்சுட்டு ஒரு மூச்சு விட்டா பாருங்க, மடை திறந்து காஞ்ச பாத்திக்குள்ள தண்ணி பாயுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கல்யாணமாகி இத்தன வருசத்துல அவளுக்கு நான் எது செஞ்சும் அவ முகம் அப்படி மலர்ந்தது கிடையாது.

அன்னைக்கு நிம்மதியாத் தூங்குனேன். விடியக்காலம் ஒலிபெருக்கியில அவ பேரச் சொல்லிக் கூப்பிடுதாவ. ஓடுனேன். மூச்சு விட முடியலையாம், நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டாம், திரும்பக் குழாய மாட்டிட்டாவளாம். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, இத்தன மெஷினு, நுரையீரலுக்குத் தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு அவியளுக்கே தெரியல. சின்ன டாக்டரம்மா எல்லார்கிட்டயும் கேக்காவ: "யாராவது குடிக்க ஏதாவது குடுத்தீங்களா?" என்கிட்டயும் கேட்டாவ. நான் இல்லைன்னேன். சொன்னா உள்ள விடமாட்டாவளே. அந்த நாகர்கோவில் பிள்ளைய எல்லாரு முன்னாலயும் வச்சுத் திட்டுனாவ. அது அழுதுக்கிட்டே என்னையத் தாண்டிப் போச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தத் துணிய நினைச்சுக்கிட்டேன், ரெண்டு திட்டு வாங்குனாத் தப்பில்லன்னு விட்டுட்டேன். ரெண்டு நாளா அதக் காணோம். வேற வார்டுக்குப் போட்டுட்டாவன்னு வாச்மேன் சொன்னான்.

ஆனா இப்ப கேளுங்க. இதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். நேத்துக் காலையில டாக்டரம்மா வந்தாவ. "ஐயா, கிரியாட்டினின் இறங்கியிருக்கு. மூணு புள்ளி ஒண்ணு." இன்னைக்கு ரெண்டு புள்ளி நாலு! ரெண்டு புள்ளி நாலு தம்பி! அத்தன நாளா ஏறிக்கிட்டே போன டிகிரி, ஒரு முக்காப் பாட்டில் தண்ணிக்கு இறங்கிருச்சு. எனக்குத் துள்ளிக் குதிக்கணும் போல இருந்துச்சு. டாக்டரம்மா முகத்தப் பாத்துச் சிரிச்சேன். என்னையத் திரும்பப் பாத்துச் சிரிச்சாவ, பாவம், என்ன ஏதுன்னு தெரியாமலே. இன்னைக்கு மத்தியானம் குழாயையும் எடுத்துட்டாவ. இதோ, பாத்தியளா, மடியில? ரெண்டாவது பாட்டில். நாலு மணி ஆகட்டும்.

என்ன தம்பி, ஒரு மாதிரி பாக்கிய?

மெஷினா? கட்டிலுக்குப் பக்கத்துல ஆமா, ஒண்ணு நிக்கி. ரெண்டு குழாய், செவப்பாப் போகுது வருது. அவளுக்கு மூச்சுக் குழாயத் திரும்ப மாட்டுன அன்னைக்குத்தான் கொண்டு வந்தாவ. எம்மவ சுகிர்தா கையெழுத்துப் போட்டா. நான் என்னத்தக் கண்டேன், உள்ள எத்தனையோ மெஷினு நிக்கி, அதுல இது ஒண்ணுன்னு இருந்துட்டேன். அவளும் புள்ளைக்குப் பரீட்சைன்னு ஊருக்குப் போயிட்டா, நாளைக்குத்தான் வருவா.

ரத்தத்த வெளிய எடுத்து, கழுவி, உள்ள விடுதா? டயாலிசிஸ்ஸா? அது கிட்னி ரெண்டும் போனவங்களுக்குத்தான பண்ணுவாவ?

சரி. கழுவுது. கழுவட்டும். அதனாலதான் நம்பர் இறங்குச்சுங்கிய. தண்ணியையும் அதுதான் உறிஞ்சி எடுக்குதுங்கிய. எந்தத் தண்ணிய?

இல்ல, இருங்க. நீங்க மருந்துக் கடைதான, டாக்டர் இல்லையே. கோவிச்சுக்கிடாதிய, கேக்கேன். அவ இருமுனது புரைக்கேறித்தான். எல்லாருக்கும் புரைக்கேறும். எனக்கும் ஏறும். அது எப்படி நுரையீரலுக்குப் போகும்?

வயித்துக்குப் போன தண்ணியும், கிட்னி வெளிய தள்ளலன்னா, ரத்தத்தோட போயி நுரையீரல்ல தேங்கும்ங்கிய.

பாத்தியில வெயில் இருக்கு தம்பி. விடுற தண்ணிய வெயில் குடிச்சுரும். அதனாலதான் விட்டுக்கிட்டே இருக்கோம். அவளுக்கு உள்ள வெயில் இல்லை. டாக்டரம்மா அதத்தான் சொன்னாவளோ? வெளிய போகணும் இல்லையான்னாவளே. நான் தேங்குனா நல்லதுன்னு நினைச்சேன்.

இல்ல. நீங்க சொல்லுதது சரின்னு நான் ஒத்துக்கிடல. ஒரு கணக்குக்குக் கேட்டேன், அவ்வளவுதான். எத்தன வருசம் நம்பர் பாத்திருக்கேன். ஒரு நம்பர் கெட்டுச்சுன்னா அதுக்குக் கையால செய்ய ஒண்ணு இருக்கும். மடையத் திற, மடைய அடை, ஏதோ ஒண்ணு. செய்ய ஒண்ணுமே இல்லாத நம்பர நான் பாத்ததே இல்ல. காலையில சொல்லுதாவ, நான் கேட்டுட்டு இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். மறுநாள் சொல்லுதாவ, உக்காந்திருக்கேன். உக்காந்தே கிடந்தா ஒரு மனுசன் என்னதான் செய்வான்? சொல்லுங்க.

சரி விடுங்க.

மணி அடிச்சுட்டான். எந்திரிங்க, செருப்ப இங்கயே கழத்திருங்க. இப்ப நான் உள்ள போவேன். அவ என்னையப் பாப்பா. விரலத் தூக்குவா. கட்டாயம் தூக்குவா, எனக்குத் தெரியும், அவ கேக்காம விடமாட்டா. நான் திரும்பவும் வரப்புல நின்ன மாதிரி கைய விரிச்சுக் காட்டணும். இருன்னு. எந்த வரிசைய முடிச்சுட்டு வான்னு சொல்லுவேன் தம்பி?

இந்தாங்க, இந்தப் பாட்டில நீங்க வச்சுக்கோங்க. வாங்குங்க, பிடிங்க. என் மடியில இருந்தா நான் குடுத்துருவேன்.